ஞாயிற்றுக்கிழமை மைதானம்

பிட்டன்வீம், ஃபைஃப்
9 ஜனவரி 1986

அன்பு மருமகள் எல்ஸ்பத்துக்கு வாட்டி மாமா எழுதுவது. இங்கே என் மூட்டுவலி உட்பட எல்லாரும் சௌக்கியம். ஹாமில்டன் பனியில் நீயும் உன் அம்மா ஐனாவும் சௌக்கியம்தானே? உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு இரண்டு வயது. கப்பல் ஏறும்போது என் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

உன் கடிதம் கிடைத்தது. பயண அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் பலகை மாட்டிவிட்டாய், முதல் குழு பன்னிரண்டு பேர், பல் டாக்டர்களும் மனைவிமாரும், ஜூனில் இங்கே வந்து கோல்ஃப் ஆடி ஊர் சுற்ற வேண்டும், எல்லாம் ராஜ உபசாரமாக இருக்க வேண்டும். இது சொதப்பினால் பழைய முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறாய். ஒரு கையும் கட்ட வேண்டாம். மாமன் இருக்கிறேன்.

கோல்ஃபைப் பற்றி என்னிடம் கேட்டதே புத்திசாலித்தனம். மீன் வண்டி ஓட்டிய காலத்தில் நான் கால் வைக்காத மைதானம் இல்லை. ஸ்வீடன் நாட்டு இளவரசர் ஒருவர் மணல்குழியில் இறங்கி வெளியே வரத் தெரியாமல் நின்றபோது, ஹாடக் மீன் கொடுக்கப் போன நான்தான் மட்டையைப் பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுத்தேன். அவர் அழுதேவிட்டார்.

தங்க இடம் அரண்மனை. நாற்பது அறை. பக்கத்து வீட்டு நெட்டியிடம் சொன்னேன்.

"எந்த அரண்மனைடா? அந்த ஒழுகுறதா?" என்றாள்.

"ஒரு பக்கம்தான் ஒழுகுது."

"மறு பக்கம்?"

"மறு பக்கம் கூரையே இல்லையே, எங்கேயிருந்து ஒழுகும்?"

நீ இதற்கெல்லாம் கவலைப்படாதே. வண்டியை நானே ஓட்டுவேன். விமான நிலையத்தில் கையில் பூங்கொத்தோடு நிற்பேன்.

உன் தாய்மாமன்
வாட்டி லம்ஸ்டன்


ஹாமில்டன், ஒன்டாரியோ
27 ஜனவரி 1986

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உன் மாமன் சொல்றதுல பாதியை வெட்டி எறி. மிச்சத்தை வெயில்ல காயப்போடு. காஞ்சதுக்கப்புறம் ஏதாவது இருந்தா எடுத்துக்கோ" என்றாள்.

அரண்மனைக்குக் கூரை உண்டா இல்லையா? வண்டி என்ன வண்டி? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கோல்ஃபும் எனக்குத் தெரியாது. பந்து குழிக்குள் போனால் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். மற்ற நாட்களுக்கு வேறு மைதானங்களில் கடிதம் போட்டு இடம் பிடித்துவிட்டேன். ஜூன் 15, ஞாயிறு மட்டும் காலியாக இருக்கிறது. டாக்டர் பென்ரோஸ் (இவர்தான் குழுவின் தலை) செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்காகத்தான் (கோல்ஃபே அங்கேதான் பிறந்ததாம்) இத்தனை தூரம் வருகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானம் எங்களுக்குக் கிடைக்குமா? இது ஒன்றுக்காவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்
எல்ஸ்பத்


பிட்டன்வீம்
10 பிப்ரவரி 1986

அன்பு மருமகளே,

நேரான பதில்: கிடைக்கும். தாராளமாகக் கிடைக்கும். யாரிடமும் கேட்க வேண்டாம், சீட்டு வேண்டாம், ஒரு காசு வேண்டாம். முப்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்கேதான். முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரைக்கும் என்னை ஏனென்று கேட்க ஆள் கிடையாது. கடைசிக் குழிக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னக் கல்பாலத்தின்மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பெண்களும் வரட்டும், கூடையில் சாப்பாடு எடுத்துக்கொள்ளட்டும்.

அரண்மனை வேண்டாம் என்று முடிவு செய்தேன், அதன் சொந்தக்காரர் நேற்று என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதற்குப் பதில் பாதிரியார் மாளிகை. அதுவும் இல்லையென்றால் நெட்டியின் மாடி. கீழே மீன்கடை என்பதால் காற்றில் கொஞ்சம் கடல் இருக்கும். இதற்கே ஜெர்மனிக்காரர்கள் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள்.

வண்டி, பழைய பெரிய கார் ஒன்று. அது ஓடாத பட்சத்தில் இரண்டு சின்னக் கார். அதுவும் இல்லையென்றால் டாட் ராமேஜின் மீன் வேன். உள்ளே கழுவி வைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் மாமா
வாட்டி


ஹாமில்டன்
30 மார்ச் 1986

மாமா,

விளம்பரத் தாள் அச்சடித்தேன். 'ஞாயிறு: செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆட்டம், எங்கள் குடும்பச் செல்வாக்கின் பேரில்' என்று போட்டேன். பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் டாக்டர் பென்ரோஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, நீ எப்போதாவது அந்த ஊருக்குப் போயிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் ஆட முடியாது. காலங்காலமா அப்படித்தான். ஊர்க்காரங்க நடக்கிறதுக்கு விட்டுடுவாங்க. கோல்ஃப் தெரிஞ்ச சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இரண்டு தம்பதிகள் விலகிவிட்டார்கள். மீதி எட்டுப் பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த ஊருக்குப் பத்து மைல் தள்ளி அறுபத்தெட்டு வருடமாக இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தே எழுதினீர்களா? எனக்குப் புரியவில்லை, மாமா. நிஜமாகவே புரியவில்லை.

எல்ஸ்பத்


பிட்டன்வீம்
12 ஏப்ரல் 1986

அன்பு மருமகளே,

எனக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆடுவதா? ஆட வேண்டும் என்று நீ எழுதவே இல்லையே. கிடைக்குமா என்று கேட்டாய். கிடைக்கும் என்றேன். ஞாயிறு என்று நீயே எழுதியிருந்ததால், உன் ஆட்கள் நடந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று எண்ணினேன். இந்தப் பக்கம் 'ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன்' என்றால் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாயோடு போனேன் என்றுதான் அர்த்தம். மட்டையோடு போனால் பைத்தியம் என்பார்கள். இப்படி ஒருத்தி குழம்புவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நெட்டியிடம் கடிதத்தைக் காட்டினேன். "நீ ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன கேக்குறான்னு பாத்திருக்கலாம்" என்றாள்.

"பாத்துட்டுத்தானே பதில் எழுதினேன்."

"நீ பாத்தது உன் பதிலைத்தான்டா, வாட்டி."

அவளுக்குப் பேசத் தெரியாது, விடு. சரி செய்துவிடலாம். வார நாட்களில் ஆட ஒரு வழி இருக்கிறது: முந்தின நாள் பெயர் கொடுத்தால் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். நாலு நாலு பேராக ஒவ்வொரு நாளும் பெயர் கொடு, ஏதாவது ஒரு நாள் விழும். அந்தக் குலுக்கலில் என் கை படுமானால் (எனக்குக் கைராசி உண்டு, ஒரு தடவை ஒரு பசுமாடே பரிசாக விழுந்திருக்கிறது) முதல் நாளே விழும்.

வண்டியை மட்டும் என்னிடம் விடு. வேன் இப்போது மணப்பதே இல்லை.

வாட்டி


ஹாமில்டன்
28 ஏப்ரல் 1986

மாமா,

குலுக்கல் விவரம் உண்மைதான். விசாரித்துவிட்டேன். அதற்கு நன்றி.

மீதி ஏற்பாடு எல்லாவற்றையும் எடின்பரோவில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன். பேருந்து, விடுதி, வழிகாட்டி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எட்டுப் பேரும் வர ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஆனால் என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். தயவுசெய்து விமான நிலையத்துக்கு வராதீர்கள். விடுதிக்கும் வேண்டாம். பேருந்து பக்கமும் வேண்டாம். உங்கள்மேல் கோபம் இல்லை. இன்னொரு குழப்பத்தை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

எல்ஸ்பத்


(தபால் அட்டை)
பிட்டன்வீம், 9 மே 1986

எல்ஸ்பத்,
வரவில்லை.
வாட்டி


ஹாமில்டன்
2 ஜூலை 1986

அன்புள்ள மாமா,

பயணம் முடிந்து வந்துவிட்டோம். அத்தனை பக்கத்தில் வந்தும் உங்களைப் பார்க்காமல் திரும்பியது எனக்கே நன்றாக இல்லை. நேரம் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். அது உண்மையில்லை.

செவ்வாய்க்கிழமைக் குலுக்கலில் இரண்டு நால்வர் குழுவுக்கும் பெயர் விழுந்தது. ஆடினார்கள். மழை. டாக்டர் பென்ரோஸுக்கு ஆறு பந்து தொலைந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஞாயிறு பற்றி. வழிகாட்டி வயிற்றுவலி என்று வரவில்லை. ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு முன்னால் எட்டுப் பேரும் கை கட்டி நிற்கிறார்கள். "இதைக் காட்டத்தான் கூட்டிக்கிட்டு வந்தியா?" என்றாள் டாக்டரின் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "என்ன, உள்ள போகாம வேலியையா பாக்குறீங்க? இன்னிக்கு இது நம்ம இடம். வாங்க" என்று முன்னால் நடந்தார். ஆட்டு மந்தை மாதிரிப் பின்னால் போனோம். ஒவ்வொரு மணல்குழிக்கும் ஒரு கதை. ஒன்றில் ஒரு பிஷப் இறங்கி இரண்டு நாள் காணாமல் போய்விட்டாராம், கடைசியில் ஜெபம் செய்யும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்களாம்.

டாக்டர் பென்ரோஸ், "பெரியவரே, இதுல பாதி பொய்தானே?" என்றார்.

"பாதியா? நான் அவ்வளவு கஞ்சன் இல்லீங்க."

டாக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பாலத்தின்மேல் எல்லாரையும் நிறுத்திப் பெரியவர் படம் எடுத்துக் கொடுத்தார். "நீங்க இதையே தொழிலா செய்யலாமே" என்று சொன்னேன். "ஒருத்தங்க கேட்டாங்க, சரிப்பட்டு வரல" என்றார். பெயர் கேட்பதற்குள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் டாக்டரின் அண்ணன் பதினாறு பேரோடு வருகிறார். ஞாயிறு நடை வேண்டும், அதே பெரியவர் வேண்டும் என்று நிபந்தனை. மாமா, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத ஆள் இல்லை என்பீர்களே. அவரைத் தெரியுமா?

அன்புடன்
எல்ஸ்பத்


பிட்டன்வீம்
14 ஜூலை 1986

அன்பு மருமகளே,

தெரியும்.

அவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மீன் வியாபாரத்தில் இருந்தவர். பெரிதாகப் படித்தவர் இல்லை. பிஷப் கதை பொய், நம்பிவிடாதே. பாதிரியார்தான், அதுவும் ஒரு மத்தியானம்.

நேற்று அவரைப் பார்த்து விசாரித்தேன். அழையாத இடத்துக்குப் போகிறவர் இல்லையாம் அவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல் ஊருக்கே பொது, அங்கே போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்றார். வேலியோரம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் வந்தாராம். பச்சைத் தலைக்குட்டை உனக்கு நன்றாக இருந்ததாம். சிரிக்கும்போது ஐனாவைப் போலவே மூக்கைச் சுருக்குகிறாயாம். எடுத்த படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். விழுந்திருந்தால் ஒரு பிரதி கேட்டார்.

அடுத்த வருடம் நீ கூப்பிட்டால் வருவார். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நிற்பார், வண்டி கிண்டி என்றெல்லாம் பேச மாட்டார். அவருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் என் முகவரிக்கே போடு. தபால்காரனுக்கு வீடு தெரியும்.

உன் மாமா
வாட்டி