ஜன்னல் வழியாகப் போன நோட்டு

அன்புள்ள அக்கா,

வெட்கக்கேடான உண்மை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதை நோட்டைப் படித்துவிட்டேன் என்று 2005-இல் நான் சொன்னபோது, முதல் கதையின் தலைப்பைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. "எல்லாமே நல்லா இருக்குக்கா, எதைச் சொல்றது எதை விடறது" என்று இழுத்தேனே, அது ரசனை இல்லை. படிக்காதவளிடம் சொல்வதற்கும் ஒன்றுமில்லை, விடுவதற்கும் ஒன்றுமில்லை.

இன்று காலை பீரோவைத் திறந்ததும் குப்பென்று கருவாட்டு வாசனை. என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்தே, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன சமையல்?" என்றார். பட்டுப் புடவைகளுக்கு அடியில் உங்கள் நீள நோட்டு இருந்தது. வெயிலில் காயவைத்தேன், பாச்சா உருண்டை போட்டேன், ஒருமுறை பவுடர்கூடத் தூவினேன். ஏழு வருஷமாகியும் அந்த வாசனை போகவில்லை. நீங்கள் போய்த்தான் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உங்களுக்கு முழங்கால் வலி. எனக்கு வாயும் நீளம், கால்களும் நன்றாக ஓடும். அதனால் சிதம்பரத்தில் நம் ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கடலூர் வண்டியில் உங்களுக்கும் எனக்கும் இடம் பிடிப்பது என் உத்தியோகம். சம்பளம் வாங்கிய உத்தியோகத்தைவிட அதை நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று நீங்களே சொல்வீர்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எதையாவது சீட்டில் எறிய வேண்டும். மற்றவர்கள் கைக்குட்டை போடுவார்கள், துண்டு போடுவார்கள். கைக்குட்டையைத் தட்டிவிட்டு உட்காரும் ஆட்கள் உண்டு. புத்தகத்தின் மேல் உட்கார யாருக்கும் மனம் வராது. சரஸ்வதி குத்திவிடுவாள் என்று பயம். அதனால் நான் புத்தகம் போடுவேன்.

உங்கள் பன்னிரண்டு கதைகளைப் புத்தகமாகப் போட அச்சகத்தில் பேசி முடித்திருந்தீர்கள். வாரப் பத்திரிகையில் எதையோ கிறுக்கி நாலு பேரைச் சிரிக்க வைப்பவள் என்பதால் என்னிடம் அரைப் பக்கம் முன்னுரை கேட்டீர்கள். நோட்டு மூன்று வாரம் என் பையில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தது. அதன் பக்கத்திலேயே செங்கல் கனத்தில் ஒரு நாவல். எழுதியவர் ஆண். அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சரியான கூட்டம். கையை விட்டேன், எடுத்தேன், எறிந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல்.

"யாரும்மா அது? கருவாடு கட்ட பேப்பர் குடுக்கறதுன்னா ஒண்ணொண்ணா கிழிச்சுக் குடு. முழு நோட்டையும் கூடையில போடுற!"

நான் ஏறிப் போய்ப் பார்த்தால், ஒரு கருவாட்டுக்கார அம்மாள் சீட்டில் வைத்திருந்த கூடையில் மிச்சக் கருவாட்டைப் புரட்டி உங்கள் நோட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். நீங்கள் என் பின்னாலேயே நின்றீர்கள். இத்தனை நாளும் நொண்டி நொண்டி வந்தவர், அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தீர்களோ!

திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நோட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நெத்திலி" என்றீர்கள். வண்டி புதுச்சத்திரம் தாண்டியது. அப்புறம் கேட்டீர்கள்.

"பையில ரெண்டு இருந்துச்சுல்ல? அந்தத் தடி புத்தகத்த ஏண்டி போடல?"

"அது கிழிஞ்சிடும்கா."

"சரி. போன வாரம் எதைப் போட்ட?"

சொன்னேன். ஒரு பெண் எழுதியது.

"அதுக்கு முந்தி?"

அதுவும் பெண்தான். தீபாவளிக்கு முன்னால் ஒன்று தொலைந்துபோனதே, அதை எழுதியதும் பெண். எவ்வளவு யோசித்தும் நான் எறிந்ததில் ஆண் எழுதியது ஒன்றுகூட வரவில்லை. நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். "ஆம்பளைங்க எல்லாம் பையில பத்திரமா வர்றாங்க. பொம்பளைங்க எல்லாம் ஜன்னல் வழியா போறாங்க. நீ என்னமோ எழுத்தைத்தான் பாப்பேன், ஆளைப் பாக்க மாட்டேன்னு ஆபீஸ்ல பீத்திக்கிற!"

அக்கா, சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. நானே ஒரு பெண். கைக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தது? அன்றிரவு இதையே நினைத்துக்கொண்டு சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். எங்கள் வீட்டில் தடிப் புத்தகங்கள் அப்பாவின் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அம்மா உயிராகப் படித்த தொடர்கதைகள் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சணலால் கட்டப்பட்டிருக்கும். நாலு வீடு சுற்றி வந்து, கடைசியில் அரிசி டின்னுக்கு அடியில் விரிப்பாகும். அதைப் பார்த்து வளர்ந்த கை இது. காரணம் அதுதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அதன் பிறகு நமக்கு வேறு பொழுதுபோக்கே இல்லாமல் போயிற்று. கீழ வீதி வாடகை நூலகத்தில் நீங்கள் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எழுதினவர்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். கடைக்காரர் பெருமையாகக் கையைக் காட்டினார். "லேடீஸ் ரைட்டர் எல்லாம் அந்தப் பக்கம்மா. ரைட்டர் எல்லாம் இந்தப் பக்கம்."

நம் சூப்பிரண்டெண்டு இன்னும் மேல். "நான் அதெல்லாம் பாக்கறதில்லம்மா. நல்லா இருந்தா யாரு எழுதினாலும் படிப்பேன்" என்றார்.

"கடைசியா எந்த அம்மா எழுதினத சார் படிச்சீங்க?"

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "கோலப் புத்தகம் சேத்தியா?" என்றார்.

நாம் சிரித்துக்கொண்டே வந்தோம். வண்டியில் உட்கார்ந்ததும் நீங்கள், "நானும் யோக்கியம் இல்லடி. என் ஏழாவது கதையில ஒரு எழுத்தாளர் வர்றாரு பாரு, அது ஆம்பளதான். ஏன் ஆம்பளன்னு நான் யோசிக்கவே இல்ல" என்றீர்கள். ஏழாவது கதையில் யார் வருகிறார் என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "நோட்டைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இப்ப வேணாம். நீயே ஒரு நாள் வந்து சொல்லுவ."

அன்றைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்னுரைக்காக இன்னும் என்னிடமே இருந்த நோட்டைப் படித்தேன். ஐந்தாவது கதையில், மாற்றலாகிப் போகிறவள் ஆபீசில் தான் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாளே, அந்த இடத்தில் மூக்கிலிருந்து கையை எடுத்தேன். அதன் பிறகு வாசனை தெரியவில்லை.

மறுநாள் முன்னுரை கொடுத்தேன். ரொம்பப் பெருமையாகத்தான் கொடுத்தேன். ஆலப்பாக்கம் அருகே அதைப் படித்தீர்கள். ஒரு வரியில் உங்கள் விரல் நின்றது. 'எழுதியவர் பெண் என்ற நினைப்பே வராத அளவுக்கு உறுதியான எழுத்து.' என் கணக்கில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தாளை நாலாக மடித்து என் மடியில் வைத்தீர்கள். "இதுவும் ஜன்னல் வழியாதாண்டி வந்து விழுந்திருக்கு."

"அக்கா, நான் நல்லதாத்தான்..."

"நல்லதாத்தான் எழுதியிருக்க. அதான் வேடிக்கையே."

வேறு எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவில்லை. எதை எழுதினாலும் அதே வரி வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றது. புத்தகம் முன்னுரை இல்லாமலே வந்தது. முன்னால் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பைண்டர் விட்ட தவறு என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். "கைப்பிரதி வாசனையோட உன்கிட்டயே இருக்கட்டும்" என்று நோட்டையும் எனக்கே கொடுத்துவிட்டீர்கள்.

போன வருஷம் கடலூர் ஆஸ்பத்திரியில் சாத்துக்குடியோடு உங்களைப் பார்க்க வந்தேன். பேச முடியாமல் பேசினீர்கள். "அந்தப் பக்கம் காலியாதான் இருக்கு. அவசரம் இல்ல." நாலாம் நாள் போய்விட்டீர்கள். அவசரம் உங்களுக்குத்தான் இருந்திருக்கிறது.

இப்போதும் வாரத்தில் ஐந்து நாள் இடம் பிடிக்கிறேன், ஒரே ஒரு இடம். பையில் கிடக்கும் துண்டைத்தான் எறிகிறேன். யாராவது தட்டிவிட்டு உட்கார்ந்தால் நின்றுகொண்டே வருகிறேன். புத்தகக் கடையில் கை எதன் மேல் போகிறது என்று கண் வேவு பார்க்கிறது. கை இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் போகிறது. ஆனால் கண்ணைக் கண்டால் கொஞ்சம் கூச்சப்படுகிறது.

இன்று பீரோவை மூடிவிட்டு, என்னிடம் உள்ள உங்கள் புத்தகத்தை எடுத்து அந்த வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். பெண், ஆண், உறுதி, கம்பீரம் எதுவும் இல்லை. நாற்காலியைப் பற்றி மட்டும் எழுதினேன். அவள் அதைத் துடைத்த துணி, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றி வந்த துணி என்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன் என்று எழுதினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எழுதியது பிடித்திருந்தது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

போட்ட பிறகுதான் பார்த்தேன். பழக்கதோஷம், என் வீட்டுக்காரர் பெயர். வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நகைச்சுவைக்கு அது எடுப்பாக இருக்கும் என்று ஆரம்பத்தில் எனக்கே தோன்றியது, யாரும் சொல்லவில்லை.