கறுப்புத் தண்டவாளமும் அரக்குச் சேலையும்

செப். 22, திங்கள்

வெயில். புரட்டாசி என்று காலண்டர் மட்டும் சொல்கிறது. வண்டி சீட்டில் வழக்கமான அனல் மின்நிலையச் சாம்பல் படலம். துடைத்துவிட்டு ராஜேஸ்வரியைக் கடையில் இறக்கினேன். (இனி 'ரா.' மட்டும். டைரியில்கூட மனைவி பெயரைச் சுருக்குகிற ஆள் என்று படித்தால் சொல்வாள். படிக்க மாட்டாள்.)

மெயின் பஜாரில் ஒரு ஷட்டர் அகலக் கடை. கைத்தறிச் சேலை மட்டும். காலையில் ஒரு அம்மாள் ஒரு சேலையைக் கையில் எடுத்தார். நம் டியூப்லைட்டில் அது பச்சையா நீலமா என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம். "வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று வாசலுக்குப் போனார். வெயிலில் பச்சை. திருப்தியோடு நிமிர்ந்தார். பக்கத்தில் பஷீர் பாய் கடை, நடைபாதைவரை சுடிதார். சேலை திரும்பி வந்தது. அம்மாள் வரவில்லை.

சேலையை மடித்துக் கொண்டுவந்தவர் பஷீர் பாய்தான். நல்ல மனிதர்.

"நான் கூப்புடல சார். அவங்களா வந்துட்டாங்க."

"தெரியும் பாய்."

"அக்கா கோவிச்சுக்கப் போறாங்க."

"அதுவும் தெரியும்."

ரா. கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சாயங்காலம், ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்: "இந்தத் தீவாளி பாப்போம். போன வருசம் மாதிரியே போச்சுன்னா கடைய வுட்டுட்டு வூட்டோட இருந்துடறேன்."

என் ஷிப்டுக்குத் தகுந்தபடி வாழ்நாள் முழுக்கத் தூங்கி எழுந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அவளுக்கென்று ஒரு வேலைநேரம் வந்தது. குறிஞ்சிப்பாடியில் நெசவு செய்யும் தம்பிக்குப் போன் போட்டுப் புதுச் சேலை கேட்டு எவ்வளவு நாளாயிற்று! என்னை வீட்டுக்கு அனுப்பியது வயது. அவளை அனுப்பப் போவது ஒரு டியூப்லைட்.

செப். 24, புதன்

மேகமூட்டம், மழையில்லை. கேஸ் புக் செய்தேன். மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், இன்றும் கடைக்குப் போகவில்லை.

ட்ராக் லைட் பற்றி மதியம் முழுக்கப் படித்தேன். கூரையில் ஒரு கம்பித் தடம், ரயில் தண்டவாளம் போல. உள்ளேயே மின்சாரம் ஓடும். விளக்குகளை அதில் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், நகர்த்தலாம், தலையைத் திருப்பலாம். பெரிய ஊர் நகைக்கடைகளில் பார்த்திருக்கிறேன். அங்கே நாம் விளக்கைப் பார்க்கிற மனநிலையில் இருப்பதில்லை.

ஞா.விடம் சொன்னேன். ஞானசேகரன், எங்கள் அனல் மின்நிலையத்தில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ், என்னோடு ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். இந்த ஊருக்கு வந்து தலை நரைத்தும் பேச்சு மட்டும் ரயிலை விட்டு இறங்கவில்லை.

"எங்கிட்ட விட்டுரும்வே. மாநிலத்துக்கே கரெண்டு குடுத்தவம்லா நாம. ஒரு கடைக்கு லைட்டு போட மாட்டோமா?"

நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தவன். இருவரும் மின்சாரத்தைக் கொதிகலனிலிருந்து ஊர் எல்லைவரை அறிவோம். கடைசி மூன்றடியில் அது என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

செப். 26, வெள்ளி

ஞா.வோடு கடலூர். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவருக்கு. மின்சாமான் கடையில் விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி: "டூ வயரா, த்ரீ வயரா, ஃபோர் வயரா சார்?"

நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் ஞா.: "ஃபோர். மூணு ஃபேஸு, ஒரு நியூட்ரலு. ஒரு ஃபேஸு போனாலும் மத்த ரெண்டும் எரியணும்லா."

விற்பனையாளர் முகத்தில் மரியாதை. அவருக்கும் இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை போல. தடம் இருந்தது, அதற்கான விளக்கு ஸ்டாக் இல்லை. "எங்க வேணா கெடைக்கும் சார்" என்றார். திரும்பும் வழியில் பண்ருட்டியில் இறங்கி விளக்கு வாங்கினோம். தடம் கறுப்பு, விளக்கும் கறுப்பு. பொருத்தம் பார்த்தாயிற்று. கல்யாணத்துக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகம் பார்ப்பார்கள்.

ரா. கேட்டது ஒன்றுதான்: "பொடவ கலரு சரியாத் தெரியுமா?"

"பிரமாதமாத் தெரியும் தங்கச்சி" என்றார் ஞா.

செப். 29, திங்கள்

புழுக்கம். தடம் மாட்டும் நாள்.

எங்கள் நிலையத்தில் லைன் கிளியர் இல்லாமல் யாரும் ஒரு கம்பியைத் தொட மாட்டார்கள். மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, சுவிட்சில் பலகை தொங்கவிட்டு, அதன் பிறகே ஏணி. ஞா. வீட்டிலிருந்தே பலகை கொண்டுவந்திருந்தார்: 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். சுவிட்சைப் போடாதீர்.' கையெழுத்து நான். எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

பஷீர் பாய் எட்டிப் பார்த்தார். "சார், என் கடையிலயும் ஃபேன் நின்னுபோச்சு."

ஞா. கடை வரிசைக்கே பொதுவான மெயினை இறக்கியிருந்தார். "பாதுகாப்பு பாய், பாதுகாப்பு."

"என் கடையில யாரும் வேலை செய்யலயே சார்."

"அது உம்ம பிரச்சினைவே."

தடம் அழகாக ஏறியது. விளக்கு ஏறவில்லை. தடத்துக்குள் நான்கு செம்புக் கோடுகள். விளக்கின் தலையிலோ இரண்டே நாக்குகள். அகலமும் வேறு. திருப்பினால் பூட்டவில்லை, அழுத்தினால் நுழையவில்லை. எல்லா விளக்கையும் ஒவ்வொன்றாக முயன்றோம், முதலாவது மட்டும் மனம் மாறிவிடும் என்பது போல அதைத் திரும்பவும்.

"அரம் குடும். ஓரத்தை ராவி விட்டா ஏறிக்கிடும்."

"ராவினா ஏறும். கரெண்ட் எங்க ஏறும்னு தெரியாது."

"எனக்கே சொல்லுதீரா?"

"உமக்குத்தான் சொல்றேன். வேற யாரும் அரம் கேக்கலையே."

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். பலகை சுவிட்சிலேயே தொங்கியது. பஷீர் பாய் என் அனுமதி கேட்டு மெயினைப் போட்டார். ரா. டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்து பழைய சேலைகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய். பஜார் முழுக்க வாழைக்கன்று. ஊரில் சக்கரம் உள்ள அனைத்துக்கும் சந்தனம்.

விளக்கில்லாத தடத்துக்கும் ரா. பொட்டு வைத்தாள். வேலை செய்யாததற்கு எதற்கு என்றேன்.

"ரிட்டையர் ஆனவங்களுக்கும் சோறு போட்டுகினுதானே இருக்கேன்?"

ஒரு வாரத்தில் அவள் செய்த முதல் கிண்டல். இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக். 3, வெள்ளி

காலையில் தூறல். நியாயமாக முதலில் படித்திருக்க வேண்டியதை இன்று படித்தேன்.

குறித்துக்கொள்ள: தடத்தில் எத்தனை கம்பியோ, விளக்கின் தலையிலும் அத்தனைக்கான நாக்கு. எண்ணிக்கை ஒத்தாலும் போதாது. ஒரு கம்பெனி வெட்டிய பள்ளத்தில் இன்னொரு கம்பெனி விளக்கு உட்காராது. தடம், விளக்கு, முனை மூடி, மின்சாரம் உள்ளே வரும் முனை: எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருப்பது உத்தமம். விளக்குகளின் மொத்த வாட் தடம் தாங்கும் அளவுக்குள். விளக்கின் உடம்பு உலோகமாக இருந்தால் எர்த் கம்பி அவசியம்.

மேலும்: கடைக்கு வருவது சிங்கிள் ஃபேஸ். மூன்று ஃபேஸ் தடத்தில் அதையே மூன்றாகப் பிரித்து விட்டிருப்போம். ஒரே குடத்துத் தண்ணீருக்கு மூன்று குழாய். குடம் காலியானால் மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

சி.ஆர்.ஐ. என்று ஒன்று. வெயிலில் தெரிகிற நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு மார்க். நாங்கள் வாங்கிய பெட்டியில் மார்க் போடவே இல்லை. தேர்வுக்கு வராத பிள்ளை.

ஞா. போன் எடுக்கவில்லை.

அக். 4, சனி

வெயில் திரும்பியது. பண்ருட்டிக் கடையில் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், முகத்தைத் தவிர மற்றபடி மரியாதையாக. அடுத்து கடலூர், கழற்றிய தடத்தை மாற்ற. இந்த முறை ரா.வும் வந்தாள், கடையைச் சாத்திவிட்டு. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒன்றைச் சாத்துகிறாள் என்றால், நம்பிக்கையா, நம்பிக்கை போய்விட்டதா? கேட்கவில்லை. மடியில் ஒரு பை.

பைக்குள் ரவிக்கைத் துண்டுகள். அரக்கு, கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். கடையில் ஒவ்வொரு விளக்காக எரியவிடச் சொன்னாள். துண்டை அதன் கீழே பிடித்தாள். பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தாள். திரும்ப உள்ளே.

விற்பனையாளர்: "லைட்டத்தான் பாக்கணும்மா. துணிய எதுக்குப் பாக்கறீங்க?"

"லைட்ட யார் கட்டப் போறாங்க தம்பி?"

ஒவ்வொரு முறை அவள் வெளியே போனபோதும் அவர் கழுத்து நீண்டது. திரும்பி வருவாளா என்கிற அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் தினமும் அது ரா.வின் முகத்தில் இருக்கும்.

ஒரு விளக்கில் அரக்கு அரக்காகவே நின்றது. வெளியே அரக்கு, உள்ளே அரக்கு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தொண்ணூறுக்கு மேல் மார்க், மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ சாயாத நடுவெள்ளை. அதே கம்பெனியின் த்ரீ வயர் தடம்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். கூடவே முனை மூடி. கடையிலேயே ஒரு விளக்கை மாட்டிக் காட்டச் சொன்னேன். டக்கென்று பூட்டியது. அந்தச் சத்தத்தைத் திரும்பச் செய்யச் சொல்ல எனக்குக் கூச்சம்; ரா.வே சொல்லிவிட்டாள்.

அக். 6, திங்கள்

காற்று. ஞா. வீட்டுக்கே போனேன். வாசலில் நின்று, த்ரீ வயர் வாங்கியிருக்கிறோம் என்றேன்.

"மூணா?"

"மூணுதான்."

"நாஞ் சொன்னேம்லா மூணுன்னு." சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் சொன்ன மூன்று வேறு மூன்று. ஒரு நட்புக்கு அந்த வித்தியாசம் தாங்கும்.

பலகை உண்டு, கையெழுத்து உண்டு. இந்த முறை எங்கள் கடை சுவிட்ச் மட்டும். பஷீர் பாய்க்கு முன்கூட்டியே தகவல்.

எரிந்தது. கடை கழுவி வைத்தது போல இருந்தது. நானே சில சேலைகளை இன்றுதான் பார்த்தேன். ரா. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். சிரித்தாள். மேல் தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மேல் தட்டுச் சேலைகளில் மடிப்பு நெடுக வெளிறிய கோடு. டியூப்லைட்டில் தெரிந்ததே இல்லை. நேர்மையான விளக்கு வாங்கினால் அது கடைக்காரியிடமும் நேர்மையாக இருக்கும் என்று பெட்டியில் போடவில்லை.

"அந்த லைட்ட இந்தாண்ட திருப்பி விட்ருவோம் தங்கச்சி. யாருக்குத் தெரியப் போவுது?"

"வூட்டுக்குப் போயி பிரிச்சா தெரியும்ண்ணே. அப்பறம் தூக்கிகினு வருவாங்க. இல்ல, வரவே மாட்டாங்க."

மேல் தட்டு முழுவதையும் இறக்கினாள். வாசல் பக்கம் மேசை போட்டு அடுக்கி, வெளிறியதற்காக விலை குறைவு என்று அட்டையில் எழுதச் சொன்னாள். எழுதினேன். விளக்கு ஒன்றையும் அதன் மேலேயே திருப்பச் சொன்னாள். ஞா. ஏணியில் ஏறித் திருப்பினார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

மேல் தட்டு இப்போது காலி. புதுச் சேலை கேட்டுத் தம்பிக்குப் போன் போட அவள் போகவில்லை. அந்த வெறும் பலகைமேல்தான் வெளிச்சம் அதிகம்.

அக். 11, சனி

போனஸ் பேச்சு பஜார் முழுக்க. மேசைச் சேலைகள் பாதி போய்விட்டன. வெளிறினது எது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டி வாங்குகிறார்கள்.

மதியம் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாளும் மகளும். ஐப்பசியில் கல்யாணம். அரக்குச் சேலை. அம்மாள் எழுந்தார், சேலையோடு வாசலுக்கு. ரா. தடுக்கவில்லை. சீட்டுக் கட்டைச் சரி செய்வது போலப் பில் புத்தகத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே பஷீர் பாய் நின்றிருந்தார். அம்மாள் சேலையை வெயிலில் பிடித்தார். உள்ளே பார்த்தார். மறுபடி வெயிலில்.

"ஏன்டி, உள்ளயும் இதே கலருதான்டி காட்டுது."

"அப்ப எதுக்கும்மா வெளிய நின்னுகினு இருக்க? வா."

வந்தார். அரக்கும் எடுத்து, தனக்கு ஒரு கிளிப்பச்சையும் எடுத்தார்.

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பகலே இருட்டு. இன்று வெளியே போய்ப் பார்க்க வெயிலே இல்லை. பஜாரில் எல்லாக் கடைக்காரர்களும் வானத்தைப் பார்த்தபடி.

பஷீர் பாய் தலையில் துண்டோடு வந்தார். பின்னாலேயே அவருடைய வாடிக்கையாளர், ஒரு இளம்பெண், கையில் சுடிதார்.

"அக்கா, ஒரு நிமிஷம். இது ரோஸா மெரூனான்னு கேக்குறாங்க. எனக்கே தெரியல. உங்க லைட்டுல பாத்துக்கட்டுமா?"

"பாருங்க பாய். லைட்டுக்குத் தனியா பில்லு போடல."

ரோஸ்தான். அந்தப் பெண் சுடிதாரைப் பஷீர் பாயிடம் கொடுத்துவிட்டுத் தட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். பாய் என்னைப் பார்த்தார்.

"நாங்க கூப்புடல பாய்" என்றேன்.

"தெரியும் சார்."

அந்தப் பெண் போன பிறகு ரா. காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தம்பிக்குப் போன் போட்டாள். மழைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"கத்திரிப்பூவுல என்னா இருக்கு? அரக்கு? ... போட்டோலாம் வேணாம்டா. பொடவையவே அனுப்பு. இங்க வெச்சுப் பாத்துக்கறேன்."