பதினொரு திட்டும் இன்னொன்றும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கை குட்டியும் நலம், உன் அம்மா நலத்துக்கும் ஒரு படி மேலே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம், எழுந்திருப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். செய்தியை அடக்கிவைக்க முடியவில்லை, ஜெயித்துவிட்டோமடா. நம் ஆப் ஏறிவிட்டது. உலகத்தில் எந்த மூலையில் எவன் இழுத்துப் போர்த்தித் தூங்கினாலும் இனி உன் அம்மா அவனை எழுப்பலாம். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கு லென்ஸைக் காட்டுவதற்கு முன் போனைக் காட்டுகிறேன். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை, அவரும் இறக்கி வைத்திருக்கிறார்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலையிலிருந்து அம்மாவை நிறுத்திவிட்டு மெஷின் குரலை வைத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதைத்தான் உன்னிடம் மறைத்துவிட்டோம். உன்னோடு பேசும்போது மட்டும் சிரிப்பாள், போனை வைத்ததும் வாயைக் கட்டிக்கொள்வாள். நான் குழாயை மூட மறந்தால் முன்பெல்லாம் அவள் திட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும், அந்த நாட்களில் பேசாமல் வந்து மூடிவிட்டுப் போனாள். திட்டு வாங்காமல் எனக்குச் சோறே இறங்கவில்லை. இப்படி இருக்கும்போது ஒரு காலையில் குட்டி எந்த அலாரத்துக்கும் அசையாமல் கிடந்தாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, துரைசானிக்கு இன்னும் விடியலையா, ஆபீஸ் நடந்து வந்து கட்டில் பக்கத்துல நிக்குமா என்று ஒரு குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். குட்டிதான் ஆப் எழுதிச் சம்பாதிக்கிறவள் ஆயிற்றே, கண்ணைக் கசக்கிக்கொண்டே இதையே அலாரமாக வைத்தால் என்ன என்று கேட்டாள். அப்படி ஆரம்பித்ததுதான். எதிரொலி இல்லாமல் பதிவாக வேண்டும் என்று துணி அலமாரிக்குள் நாற்காலி போட்டு, கோட்டுக்கும் போர்வைக்கும் நடுவில் அம்மாவை உட்கார வைத்தாள். உள்ளேயிருந்து திட்டு வரும், வெளியே நானும் குட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

ஆப் தயார், அதை ஆப் ஸ்டோரில் ஏற்றும்போது எழுதிப் போடும் விவரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கடைச் சரக்கு என்றால் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்ல வேண்டும் என்பது குட்டியின் எண்ணம். குறட்டையை அளக்கும் என்று எழுதி, அளப்பது போல ஒரு படமும் வரைந்து சேர்த்தாள். அந்த அளவு மீட்டர் அவள் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. படத்தில் உள்ளது ஆப்பில் இல்லையே என்று ஸ்டோர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு, தேனான குரலில் இதமாகத் துயில் எழுப்பும் என்று எழுதி மறுபடி அனுப்பினாள். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் இதமாக எழலாம் என்று நம்பி அழுத்தியிருக்கிறார் பாவம். விவரத்தில் சொல்லியிருக்கும் அனுபவம் ஆப்பில் கிடைக்கவில்லை என்று ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. எங்களுக்குச் சிரிப்பு, அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவங்களுக்கும் என் குரல் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து நாற்காலியை எடுத்துப் போட்டாள். இன்னொரு தரம் திரும்பி வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள். மறுபடியும் அந்தப் பேசாத வீட்டுக்குத் திரும்ப என்னால் முடியாது.

அதனால் விவரத்தை நான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். கண் சோதிக்கும் பலகையில் தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அப்படிச் சொல்லிக் கண்ணாடி வாங்கிப் போகிறவர் தலைவலியோடுதான் திரும்பி வருவார். உள்ளது உள்ளபடி எழுதினேன். இந்தக் குரல் இனிமையானதல்ல, பலமானது, பேருந்து இரைச்சலைத் தாண்டிப் பழகியது. போன் அணைந்திருந்தால் எழுப்பாது. குறட்டையை அளக்காது. இணையம் இல்லாவிட்டாலும் திட்டும். ஒவ்வொரு வரியையும் போனில் சோதித்துப் பார்த்த பிறகே வைத்தேன், படங்களையும் ஓடுகிற ஆப்பிலிருந்தே எடுக்கச் சொன்னேன். ஸ்டோர் படிவத்தில் கடுஞ்சொல் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்றிருந்தாள் குட்டி. எருமை என்று ஒன்பது இடத்தில் வருகிறதே என்றேன். பெத்த பிள்ளையை எருமைன்னு சொன்னா அது கடுஞ்சொல்லா என்று அம்மா சண்டைக்கு வந்தாள், மற்றவர்கள் பிள்ளையும் கேட்கும் என்றதும் ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் உண்டு என்று குறித்தோம்.

பன்னிரண்டு திட்டுகள் என்று எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். பதினொன்று சரி. பன்னிரண்டாவது, அலாரத்தை ஐந்து முறை தள்ளிப்போட்டால்தான் ஒலிக்கும். கடைசியில் போடு என்று அம்மா தனியாகப் பதிந்து கொடுத்ததைக் குட்டி கேட்டுப் பார்க்காமலே சேர்த்திருக்கிறாள். தள்ளித் தள்ளி அழுத்திக் காத்திருந்தேன். அம்மாதான், ஆனால் மெதுவாக. அலுத்துப் போயிருப்பே, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு கண்ணு, அம்மா பாத்துக்கறேன். அம்மா ஓடிவந்து, அது தெரியாம வந்துடுச்சு, எடுத்துடுங்க என்று போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. பதினொரு திட்டு, ஒரே ஒரு கொஞ்சல் என்று விவரத்தைத் திருத்தி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒரு எழுத்துக்கூட மாற்றச் சொல்லவில்லை.

பாராட்டைக் கேள். என் அம்மாவை விட மோசம் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் ஒருவர். சொன்னது சொன்னபடி இருக்கிறது, பயந்துவிட்டேன் என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மாவின் பழைய பேருந்து நிலைய ஓட்டுநர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஓய்வறையில் அவர் போன் அலறியதும் படுத்திருந்த அத்தனை பேரும் அடித்துப் பிடித்து எழுந்து, மேடம் திரும்பி வந்துட்டாங்களா என்று கேட்டார்களாம். இப்போது அங்கே எல்லோர் போனிலும் அவள்தான். அவர் போன பிறகு அம்மா சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தது பார் ஒரு திட்டு, தெருமுனை வரைக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பில் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இரு. பனியில் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு நடக்காதே. ஆப்பை இன்றைக்கே இறக்கிக்கொள். அந்தப் பன்னிரண்டாவது யாருக்கு என்று கேட்டால் பொதுவாகச் சொன்னேன் என்கிறாள் அம்மா. ஐந்து முறை தள்ளிப்போடுகிற ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். ஒரு நாள் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் தள்ளிப்போட்டுக் கேள்.

இப்படிக்கு,
குழாயை மூட மறக்கும் உன் அப்பா