புகை படாத அன்னாசி

சாவ் மிகேல் தீவு

அன்புள்ள அப்பாவுக்கு, ஆசி வேண்டி மகள் பெல்மிரா எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் அன்னாசி வளர்க்கும் கண்ணாடி வீட்டை அடைத்து, பச்சைத் தழையை எரித்துப் புகை மூட்டினால் அன்னாசியெல்லாம் ஒன்றாகப் பூக்குமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புகைக்கு முன் ஒரு செடியைப் பெயர்த்துப் புகை போடாத பக்கத்துக் கண்ணாடி வீட்டில் ஒளித்து நட்டேன். இரண்டு மாதத்தில் மற்றவையெல்லாம் சிவந்து பூத்தன. அது மட்டும் வெறும் இலை. மேஸ்திரி எர்மீனியு கண்டுபிடித்துவிட்டார்.

"எவ பார்த்த வேலை இது?"

"நான்தான் மேஸ்திரி. புகையாலதான் பூக்குதான்னு பார்க்க நெனச்சேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"முப்பது வருஷமா புகை போடுறேன். போடாம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தோணவே இல்லையே! அடுத்த தடவை பத்துச் செடியை எடுத்து வை. பார்த்துடுவோம்."

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அதைச் சுற்றும் தாளிலும் ஏதாவது எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்க எதுவுமில்லை. நம் கொர்வோ தீவுக்குக் கடிதம் கொண்டுபோகும் கப்பல் ஊதிவிட்டது, முடிக்கிறேன்.

பெல்மிரா