பாட்டு ஆறில் போய் உட்கார்ந்தது

என் பிரியமுள்ள மாப்ளே சேகர்,

கல்லூரி விடுதியில் அறைத் தோழனாக இருந்தவன், என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனாய். அப்புறம் துபாயில் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேஜை. மார்ச் மாதம் கார் பார்க்கிங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த பிறகு அந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. புதிதாக ஆள் எடுத்தால்தானே உட்காரவைக்க?

நீ இருக்கும்போதே ஆரம்பித்த ஆட்குறைப்பு இன்னும் நிற்கவில்லை. டிசைன் டீமை ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். விசா கேன்சல், ஒரு மாதத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும். ஷார்ஜாவிலிருந்து கிளம்பினால் ஊர்ந்து ஊர்ந்து போவோமே, அந்த ரோடு இப்போது காலியாகக் கிடக்கிறது. அந்த டிராஃபிக்கை எத்தனை திட்டியிருப்போம்? இப்போது அது இல்லாததைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நம் டீமுக்கு மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் சீனாக்காரர்கள் மட்டும்தான். நம் இசைக்குறிப்பு மென்பொருளில் அவர்களுடைய எண் முறையும் வேண்டுமென்று கேட்டார்களே, நீ ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாயே, அதுதான். மேல்நாட்டு முறையில் ஐந்து கோட்டில் எழுதிய பாட்டைக் கொடுத்தால் எண்களாக மாற்றி அச்சடிக்க வேண்டும். ஒன்று என்றால் ஸ, இரண்டு என்றால் ரி. மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. “மச்சான், இது நம்ம சுரம்தான்டா, எழுத்துக்குப் பதிலா நம்பர். கண்ண மூடிக்கிட்டு எழுதுவேன்” என்றாய். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

மென்பொருளை வாங்கவிருந்த சீனக் கம்பெனியின் சார்பில் லின் என்ற அம்மாள் வந்திருந்தார். அங்கே ஒரு பாட்டுக்குழுவும் நடத்துகிறாராம். அவர் வருவதற்கு முன்னால் மேனேஜர் ராகவன் சார் என்னைக் கூப்பிட்டு, “குமரேசா, இது போச்சுன்னா கலாஸ். நீ, நான், எல்லாருமே ஊருக்குத்தான்” என்றார். என் மகள் பத்தாவது படிக்கிறாள். வருஷத்து நடுவில் அவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன், சொல்.

நாம் சோதித்து வைத்திருந்த குழந்தைப் பாட்டுகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. லின் தலையாட்டினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். சோகமான பாட்டு. அச்சடித்த தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கி, இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். மறுபடி தொடங்கி, மறுபடி நின்றார். வரிக்கு வரி எண்களுக்கு முன்னால் சுரத்தை இறக்கும் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. “எங்கள் குழுவில் இதை ஒருத்தரும் பாடமாட்டார்கள்” என்று தாளை மேஜையில் வைத்தார்.

பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் வழக்கத்தில் இந்த மாதிரிச் சோகப் பாட்டு ஆறாம் எண்ணில், அதாவது நம் த-வில், போய் அமரும். ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கும், பாட்டு மட்டும் ஆறில் வந்து முடியும். நீயோ, பாட்டு எங்கே அமர்கிறதோ அதற்கு ஒன்று போட்டுவிட்டாய். உனக்கு அதுதானே ஸ? நாம் சோதித்த பாட்டெல்லாம் ஒன்றிலேயே முடிகிறவை என்பதால் அதுவரை எதுவும் வெளியே தெரியவில்லை.

ராகவன் சார் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். “இதை எழுதினவர் இறந்துட்டாரு, அவர் பண்ணின தப்புன்னு சொல்லிடு. மனசு இரங்குவாங்க. போனவருக்கு என்னப்பா, விசாவா கேன்சல் ஆகப்போகுது?”

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட உன்மேல் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எழுதினது நீதான். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

உள்ளே போய், “எங்கள் ஊர்ச் சங்கீதத்தில் பாட்டு அமர்கிற இடம்தான் முதல் சுரம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் செய்துவிட்டோம். மத்தியானத்துக்குள் மாற்றித் தருகிறேன்” என்றேன். நீ செத்துப்போனதைச் சொல்லவில்லை. ராகவன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் மேஜையில்தான் உட்கார்ந்தேன். காரில் வரும்போது ஸ-வைத் தூக்கிக் காந்தாரத்தில் வைத்து, அதே சுரங்களில் வேறு ராகம் காட்டி என் உயிரை வாங்குவாயே, அதைத்தான் நீ எழுதிய புரோகிராமிலும் செய்தேன். இரண்டு முறை அது ஓடாமல் நின்றுபோனது. மூன்றாவது முறை அச்சாகி வந்தது. லின் எடுத்துப் பாடினார். நிற்காமல் கடைசிவரை பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் பாட்டு ஆறில் போய் உட்கார்ந்தது தெரிந்தது. “மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று கிளம்பிவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. போன் அடித்தாலே அவர்தானோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அடித்தது வாசுகி. திருச்சிக்குப் போனதிலிருந்து உன் மனைவி என்னிடம் சாப்பிட்டாயா, மகள் எப்படி என்பதற்கு மேல் பேசுவதில்லை. அழுததும் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் தங்கமான மனுஷன், ஒரு தப்பு அறியாதவர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு அவளாகவே கேட்டாள்.

“அவரு எழுதினது நல்லா வந்துச்சாண்ணே? அதுக்காகத்தானே தூக்கமில்லாம கெடந்தாரு.”

பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “இல்லம்மா, அதுல ஒரு பெரிய தப்பு இருந்துச்சு” என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

ஏன் சொன்னோம் என்று என்னையே நொந்துகொண்டேன். அப்புறம் அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சீனாக்காரன் பாட்டுக்கும் இவரு ஸ-வைத்தான் புடிச்சுக்கிட்டு நின்னாராக்கும்? ஒரு விஷயத்துலயாவது விட்டுக் குடுத்திருக்காரா அந்த மனுஷன்?” என்றாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிப் போனது. நீ போனதிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தத் தப்ப இன்னொரு தடவ சொல்லுண்ணே” என்றாள். முதலிலிருந்து சொன்னேன்.

வேலை இருந்தாலும் போனாலும் ஒன்று மட்டும் உறுதி மாப்ளே. அவளிடம் உன்னைத் தப்பே செய்யாதவனாக்க யாரையும் விடமாட்டேன். உன் தப்புகள் என்னைத் தவிர யாருக்கு அத்தனை தெரியும்? ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

உன் மச்சான்,
குமரேசன்
ஷார்ஜா, 2009