கரண்ட் போன இடத்துக்கு அப்புறம்

தென்காசி
5-6-86

அன்புள்ள பால்வண்ணத்துக்கு,

நகர மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. சிவசைலமாகிய எனது மேலுதட்டில் மூன்றாவது முடி முளைத்திருப்பது இன்று காலை கண்டறியப்பட்டது. பொதுமக்கள் முண்டியடிக்க வேண்டாம்.

நீ மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நம்ம 'ஊத்திக்கிட்ட படப் பாட்டு சங்க'த்துக்கு நானே தலைவர், நானே உறுப்பினர். எண்பத்தொன்று, எண்பத்திரண்டில் வந்து, வந்த சுவடே தெரியாமல் போன படங்களையெல்லாம் தோண்டுகிறேன். நேற்று கிடைத்த பாட்டில் ஒருத்தர் வரிக்கு வரி 'ஹா, ஹா' என்று மூச்சு வாங்குகிறார். செண்பகாதேவி அருவிவரை ஓடி ஏறிவிட்டுப் பாடியிருப்பார். ஆனால் அந்த டிரம்ஸ்! இதை ஏன்லே யாருமே கேக்கலை?

நீ கேட்ட பாட்டும் கிடைக்கும். ஏழாம் வகுப்பில் டீக்கடை ரேடியோவில் நீ பாதி கேட்டபோது கரண்ட் போயிற்றே, அதுதானே? ஒரு வாரம் கொடு. ஆபரேஷனுக்குப் பயப்படாதே. பயம் எந்தப் பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

மீசைக்காரன்
சிவசைலம்

சென்னை
10-6-86

அன்பு சிவசைலம்,

மூன்று முடிக்கும் தனித்தனியாக வாழ்த்து. சிரித்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உன் கடிதத்தை நாலு தடவையாகப் பிரித்துப் படித்தேன்.

இருபத்தாறாம் தேதி நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்கிறார்களாம். பக்கத்துக் கட்டில் மாமா நேற்று ஆபரேஷனுக்கு உள்ளே போனார். இன்று கட்டில் காலி. "வீட்டுக்குப் போயிட்டார்" என்கிறார் நர்ஸக்கா. அவர் செருப்பு கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது.

அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு உள்ளே போகணும்லே. கண்ணை மூடினால் சீட்டி, கிதார், முதல் சரணம். கரண்ட் போன இடம் வந்ததும் திடுக்கென்று முழித்துக்கொள்கிறேன். நர்ஸக்கா டேப்ரிக்கார்டர் தருவார். கேசட் மட்டும் அனுப்பு.

பால்வண்ணநாதன்

தென்காசி
15-6-86

அன்புள்ள பாலு,

ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி, "ஓடுன படத்துக்கே கேசட் பத்தல, ஓடாத படத்தைக் கேக்கியே மூதி" என்று விரட்டிவிட்டார். குற்றாலத்தில் ராபியா அக்காவின் சிப்ஸ் கடைக்கும் போனேன். அவள் வீட்டுக்காரர் மைக்செட் வைத்திருந்த காலத்து இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கு. "ஏலே, தட்டைத் தேடுதியா, சிப்ஸைத் திங்கியா?" என்றாள். இரண்டும்தான்.

பாட்டு கிடைக்கவில்லை. சீட்டி, கிதார், கடைசியில் அந்தப் பெண் சிரிக்கிற சிரிப்பு, எல்லாம் எங்கே ஒளிந்தாலும் விடமாட்டேன். கிடைக்கிறவரை நீ காத்திரு. அதுதான் உன் வேலை, வேறு எங்கேயும் போகக்கூடாது.

சிவசைலம்

சென்னை
19-6-86

சிவசைலம்,

கடைசியில் ஒரு பெண் சிரிப்பாள் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது பாதிதான். சிரிப்பு உனக்கு எப்படித் தெரியும்?

பாட்டு உன்கிட்ட இருக்கு. ஏன்லே அனுப்பாம விளையாடுத? விளக்கை அணைத்ததும் அந்தச் செருப்புதான் கண்ணில் நிற்கிறது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். உன்னிடம் சொல்கிறேன், எனக்குப் பயமாயிருக்கு.

பாலு

தென்காசி
22-6-86

பாலு,

மாட்டிக்கிட்டேன்.

முதல் நாளே ராபியா அக்கா பெட்டியில் பாட்டு கிடைத்துவிட்டது. அவள் பிளேயரில் போட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று நீ எழுதியிருந்தாயா, தட்டை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். கேட்டு முடித்தால் உனக்கு இங்கே வேறு என்ன பாக்கி இருக்கும்? பாக்கி இருக்கிறவரை நீ போகமாட்டாய் என்று ஒரு கிறுக்குக் கணக்கு. பெரிய சூரப்புலி மாதிரி எழுதினேனே, தபால்காரர் மணி கேட்டாலே கொல்லைப்புறம் ஓடுகிறேன்லே.

இன்று சாயங்காலம் உன் அப்பா பஸ் ஏறுகிறார். கேசட்டை அவர் பையில் போட்டுவிட்டேன். ஆனால் தட்டிலிருந்து கேசட்டில் பதியும்போது முதல் சரணம் முடிந்ததும் ஸ்டாப்பை அமுக்கிவிட்டேன். கரண்ட் போன அதே இடம். இதற்குமேல் அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. திட்டு. வாய் வலிக்கத் திட்டு. ஆனால் இங்கன வந்து, என் முகத்துக்கு நேரே திட்டு. தட்டு என்னிடம்தான் இருக்கு.

சிவசைலம்

பி.கு: மூன்றாவது முடி பேனா மை. குற்றாலத்தில் குளித்ததும் போயிற்று.