கோர்டி மாமா கையில் இருந்த நாற்காலி

பெர்ரின் ஃபால்ஸ், அயோவா
வியாழக்கிழமை

அன்புள்ள ராண்டி அண்ணனுக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மண்டை ஓட்டில் விரிசல். இடது கண்ணில் இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றுக் கொஞ்சம் ஆரஞ்சு ஜூஸ் குடித்தார், அது வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நர்சைத் திட்டினார். பழைய அப்பாதான்.

நேற்று நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்தக் கோர்டி ஜாமீன்ல வெளிய வரட்டும். மாமாவாவது மண்ணாங்கட்டியாவது. துப்பாக்கி வண்டி சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். உங்கள் எண்ணெய்க் கிணற்று முகாமில் போனை எடுத்தவன், நீ பேச வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னான். நம் டெல்பர்ட் இன்று குழாய் லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். பேச வேண்டிய இடத்தில் எழுதுவதற்காகவா காலேஜுக்கு அனுப்பினோம் என்று அப்பா கேலி செய்வாரே, அது உண்மைதான்.

மாமாவுக்குத் திங்கட்கிழமை ஜாமீன் கிடைக்கும். அதற்குள் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா செனட்டர் ப்ராண்ட் பக்கம். நாலு வருஷத்துக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தின்போது பன்றிக்கறி ஆலை வாசலில், பனியில் நம் ஆட்களோடு வந்து நின்றவர் என்பதால் அப்பாவுக்கு அவர் கடவுளுக்கு அடுத்த ஆள். மாமா கவர்னர் விட்டேக்கர் பக்கம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் தருவேன் என்கிறவர். இருவரும் ஜனநாயகக் கட்சிதான், யார் வேட்பாளர் என்பதுதான் சண்டை. எதிர்க்கட்சிக்காரனைப் பற்றி இந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. அவனைத் திட்ட யாருக்கும் நேரமில்லை.

முதலில் வீட்டுத் தோட்டங்களில் நட்டிருந்த தேர்தல் பலகைகள் போயின. அப்பாவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பாரே பட், அவர் தன் பிக்கப் வண்டியை ஏற்றி கவர்னர் பலகைகளை வரிசையாக நசுக்கினார். மறுநாள் அப்பாவின் வண்டி டயர் நான்கும் கிழிந்து கிடந்தன. அடுத்த வாரம் மாமா வீட்டு வாசற்கதவில் ஒரு பன்றிக் காதை ஆணி வைத்து அடித்திருந்தார்கள், கீழே ரத்தம் உறைந்திருந்தது. பிறகு பவுலிங் கூடத்தில் யாரோ பட்டின் முன்பற்களை உடைத்தார்கள். பட் அதைத் தேர்தல் சின்னம் மாதிரி எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்.

அம்மா இரண்டு பக்கத்துப் பலகையையும் வீட்டில் நட விடவில்லை. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டத்தன்று அப்பாவோடு வந்து நிற்பதாக மட்டும் சொல்லியிருந்தாள்.

நீ ஒரு தடவைகூட காக்கஸுக்கு வந்ததில்லை, எப்போதும் உனக்கு டிவியில் ஏதாவது மேட்ச் இருக்கும். அதனால் சொல்கிறேன். சீட்டில் குறித்துப் பெட்டியில் போடுவதெல்லாம் இல்லை. பள்ளிக்கூட ஜிம்மில் ஊரே கூடும். அவரவர் ஆளுக்கு ஒரு மூலை. எல்லோர் கண் முன்னாலும் உன் மூலையில் போய் நிற்க வேண்டும். தேவையான ஆள் சேராத மூலை கலைய வேண்டும், கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் வந்து கூப்பிடலாம். நம் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. முழங்கையை லேசாகப் பிடித்து, "வாங்க, எங்க பக்கம் காபி சூடா இருக்கு" என்று சொல்லி நடத்திக்கொண்டு போவார்கள். கையைப் பிடிப்பதும் தோளைத் தொடுவதும் கிடையாது.

மருந்துக்கடை ஐவர்சன்தான் தலைவர். படித்த பெண், கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார். மூலைகளைப் பிரிக்கத் தரையில் வெள்ளை டேப் ஒட்டியது நான். அதனால்தான் மேடையில் நின்றேன். அதனால்தான் எல்லாம் பார்த்தேன்.

எண்ணி முடித்தபோது கவர்னர் மூலையில் ஒரே ஒரு ஆள் குறைந்தது. ஐவர்சன் அறிவித்ததும் அப்பாவின் மூலையிலிருந்து பட் கத்தினார்: "கலைஞ்சு வாங்கப்பா! கோட்டைத் தாண்டுறது உங்க ஆளுக்குப் பழக்கம்தானே!" ஜிம்மே சிரித்தது. வேலைநிறுத்தத்தில் மாமா மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போனதைத்தான் சொன்னார். ஏன் போனார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவர் மகள் டாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது, வேலை நின்றதும் ஆலை இன்ஷூரன்ஸும் நின்றது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது கோடு மட்டும்தான்.

அந்த மூலையில் இருந்த டீச்சர்கள், நர்சுகள் எல்லோர் முழங்கையையும் யாராவது வந்து பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள், இன்னும் ஒருவரும் நகரவில்லை. மாமாவின் முழங்கையைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றார்.

அப்போது அம்மா தன் கைப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். பாத்ரூம் போகிறாள் என்று நினைத்து அவரும் வாங்கிக்கொண்டார். அம்மா பனி பூட்ஸோடு அந்த ஜிம்மின் நடுவே நடந்துபோய், நான் ஒட்டிய டேப்பைத் தாண்டி, மாமாவின் பக்கத்தில் நின்றாள். குறைந்த ஒரு ஆள் சேர்ந்துவிட்டது, மூலை பிழைத்துவிட்டது.

அப்பா கைப்பையை இன்னும் வைத்துக்கொண்டே அங்கே போனார். அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "லவோன், எதுவானாலும் வீட்ல பேசிக்கலாம், வா" என்றார். அப்போது மெதுவாகத்தான் பிடித்திருந்தார். அம்மா, "வீட்ல நாலு வருஷமா பேசிட்டுத்தானே இருக்கேன், எல்டன். உன் ஆளு ஆலையைப் பத்தியே பேசுறாரு. ஆலை உன்னைத் திரும்பக் கூப்பிடப் போறதில்ல. டாமிக்கு வாரம் மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ணியாகணும், யாருக்கு வேலை இருந்தாலும் போனாலும். நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள். அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பட் சும்மா இருக்கவில்லை. "என்ன எல்டன், வீட்டு ஓட்டே கைவிட்டுப் போச்சா? பையை மட்டும் பத்திரமா வச்சுக்க!" என்றார். மறுபடியும் சிரிப்பு. அப்பாவின் கழுத்து சிவந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். பையைக் கீழே போட்டார். முழங்கையை இறுக்கி இழுத்தார். அம்மாவின் கோட் தோள்பட்டையில் கிழிந்தது. டேப்புக்கு இந்தப் பக்கம் அவளைத் தரதரவென்று இழுத்து வந்துவிட்டார். மாமா பின்னால் வந்து, "கையை விடு" என்றார். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. பட் ஓடிவந்து மாமாவின் வாயில் குத்தினார்.

அதன் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானப்பெற்றோராக நின்றவர்கள் மடக்கு நாற்காலிகளால் அடித்துக்கொண்டார்கள். காபி அண்டா கவிழ்ந்து, சயின்ஸ் டீச்சரின் கால் தோல் காலுறையோடு உரிந்து வந்தது. ஒருவன் இன்னொருவனின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். சுவரில் நம் பள்ளிச் சின்னமான கரடியின் படம் இருக்கிறதே, அதன் முகமெல்லாம் ரத்தம். ஐவர்சன் சுத்தியலால் மேசையைத் தட்டி, "நண்பர்களே, ஒழுங்கு, ஒழுங்கு" என்று கத்தினார். கடைசியில் அந்தச் சுத்தியலையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அப்பா அம்மாவின் முழங்கையை விடவில்லை. அவள் முகத்துக்கு நேரே குனிந்து ஒரு சொல் சொன்னார். அந்தச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சொல்லை உதட்டில் பார்த்தாலே போதும்.

கருங்காலி.

அண்ணா, யாரைப் பார்த்து என்று யோசித்துப் பார். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் அம்மா முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போய் ரத்தம் விற்றாள், அந்தக் காசில் உனக்கு பூட்ஸ் வந்தது. யூனியன் கூடத்தில் நின்று சூப் கிளறினாள். அப்பாவுக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். டாமிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தாள். அன்று காரில் நானும் இருந்தேன்.

நாற்காலியை எடுத்தது அம்மா.

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்ததை ஒற்றைக் கையால் எடுத்தாள். முதல் அடி கண்ணில் விழுந்தது, இருக்கையின் இரும்பு விளிம்பு உள்ளே இறங்கியது. அப்பா கையைத் தூக்கவே இல்லை, அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது அடி தலையில். பூசணிக்காயைச் சிமெண்ட் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். விழுந்த பிறகும் அம்மா மூன்றாவது முறை ஓங்கினாள். மாமாதான் அவள் கையிலிருந்து நாற்காலியைப் பிடுங்கினார். ஷெரீஃபின் ஆட்கள் உள்ளே வந்தபோது அது அவர் கையில் இருந்தது. அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு அவர்களிடம், "நான்தான்" என்றார். சண்டையில் இருந்தவர்கள் பார்த்ததும் மாமா கையில் இருந்த நாற்காலியைத்தான்.

அப்பாவுக்கு நினைவு வந்ததும் ஷெரீஃப் ஆஸ்பத்திரிக்கே வந்து, யார் அடித்தது என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா, "கோர்டி" என்றார். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு கண்ணு போறதுக்கு முன்னாடி ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் கண்ணால் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர், இப்போதும் பேசிக்கொள்ளாமலே, ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். அந்தப் பொய்யைத்தான் நீ துப்பாக்கியில் போட்டு வைத்திருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை யாரோ மாமா வீட்டு முன் ஜன்னலைச் சுட்டார்கள். போனில் அதைக் கேட்டு, சரியாகத்தான் செய்திருக்கிறான் என்றாய். ஜன்னலுக்குக் கீழேதான் டாமியின் கட்டில். அவள் தலைமுடியிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை அம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்குப் பழகியவள்.

அம்மா இன்னும் அந்தக் கிழிந்த கோட்டைக் கழற்றவில்லை. சமையலறையில் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். "கோர்டி வெளிய வர்றதுக்கு முன்னாடி நான் உள்ள போறேன்" என்கிறாள். திங்கட்கிழமை காலையில் ஷெரீஃபிடம் போகப் போகிறாள். அப்பாவிடம் சொன்னேன். "அவளை வாயை மூடிட்டு வீட்ல இருக்கச் சொல்லு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சாப்பிடுறாளா?" என்று கேட்டார். அதையும் அம்மாவிடம் சொன்னேன். அன்று அரைத் துண்டு ரொட்டி தின்றாள்.

அவள் போனால் நானும் கூடப் போவேன். ஜிம்மில் என் குரல் எடுபடவில்லை. ஷெரீஃபின் மேசை அவ்வளவு தூரமில்லை.

யார் ஜெயித்தார் என்று நீ கேட்கவில்லை. இங்கேயும் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஜிம்மின் கணக்கை எழுதவே முடியவில்லை.

அண்ணா, நீ வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வா. ஞாயிற்றுக்கிழமையே வா. மாமாவை வெறுப்பதானால் வெறுத்துக்கொள், ஆனால் வெறுங்கையோடு வெறு. வந்ததும் அம்மாவின் முழங்கையைப் பிடி. நம் ஊர் வழக்கப்படி, லேசாக. ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடாமல், உள்ளே அப்பாவின் கட்டில் வரைக்கும் அவளை நடத்திக்கொண்டு போ. நான் பிடித்துப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. உன் கைக்கு எழுந்துவிடுவாள் என்று தோன்றுகிறது.

வழியில் பனி இருக்கும், மெதுவாக ஓட்டு. கடவுள் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
மார்லா

பின்குறிப்பு: டெல்பர்ட்டுக்கு இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். பதிலுக்கு அல்ல. வண்டி சீட்டுக்குப் பின்னால் இருப்பதை வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.